மூத்திரத்தைச் சோதிக்க வெட்கமா?

நங்கநல்லூர்வாசிகளுக்கு நேரத்துக்குப் பஞ்சமென்று யாரும் சொல்லிவிட முடியாது. 32 அடி உயர ஆஞ்சநேயருக்கு வடைமாலை சாத்தக் கால்கடுக்க நிற்கிறார்கள். ஆனால், "ஐயா, சர்க்கரை வியாதி கண்டு பத்து வருஷமாயிற்றே, ஒரு தடவையாவது மூத்திரத்தில் புரதம் போகிறதா என்று பார்த்ததுண்டா?" என்று கேட்டால், "எனக்கென்ன கேடு? நன்றாகத்தானே இருக்கிறேன்" என்கிறார்கள்.

இந்த "நன்றாகத்தானே" என்பதைத்தான் நாம் கண்டிக்கிறோம். சிறுநீரகமானது தன் சக்தியில் பாதிக்குமேல் போகிற வரையிலுங்கூட அநேகமாக வலியையே காட்டாது. கால் வீங்கி, மூச்சு வாங்கும்போது வைத்தியரிடம் ஓடினால், வாரம் மூன்று நாள், நாளொன்றுக்கு நான்கு மணி நேரம், டயாலிசிஸ் இயந்திரத்தோடு கட்டிப்போடுவதைத் தவிர அவர் என்ன செய்வார்? உடனே "தலையெழுத்து" என்று அழுகிறோம். எழுதினது பிரமனா? கவனியாமல் விட்ட சர்க்கரையும் ரத்தக்கொதிப்புமல்லவா எழுதின! இன்னும் சிலர் பாதரசமும் ஈயமும் கலந்த பஸ்பங்களைத் தின்றும், மூட்டுவலி மாத்திரையைக் கடையில் தாமே வாங்கி மாதக்கணக்கில் விழுங்கியும், மிச்சமிருப்பதையும் தொலைக்கிறார்கள்.

"ஏழைகளுக்கு ஆகிற காரியமா?" என்பார்கள். சென்னை டாக்டர் எம். கே. மணி அவர்களும் கிட்னி ஹெல்ப் டிரஸ்டும் 1990களின் பிற்பகுதியில் சென்னைக்கு அருகே சுமார் 25,000 ஜனங்களுள்ள கிராமங்களில் இதைச் செய்து காட்டவில்லையா? பள்ளிப்படிப்பு முடித்த உள்ளூர்ப் பெண்களே வீடுவீடாகப் போய் ரத்த அழுத்தம் பார்த்தார்கள். மூத்திரத்தில் சல்போசாலிசிலிக் அமிலத்தைத் துளி விட்டார்கள். புரதமிருந்தால் வெள்ளையாய்க் கலங்கும், அவ்வளவுதான் வித்தை! கண்டவர்களுக்குக் கொடுத்ததும் விலை மலிந்த பழைய மருந்துகளே. தலைக்கு வருஷச் செலவு அமெரிக்க நாணயத்தில் சுமார் 27 சென்ட். ஒரு வடைமாலையின் விலையில் ஒரு தெருவையே பார்த்துவிடலாம் போலிருக்கிறது.

மற்றொரு சங்கதி. வியாதி முற்றி மாற்றுச் சிறுநீரகம் வேண்டுமென்றால் முதலில் யாரைத் தேடுகிறார்கள்? மனைவியை, தாயை. இந்நாட்டில் உயிரோடிருந்து சிறுநீரகம் கொடுப்போரில் பெரும்பாலோர் பெண்களே. தன்னுடைய மூத்திரத்தைச் சோதிக்க வெட்கப்பட்ட ஆண்பிள்ளை, மனைவியின் வயிற்றைக் கிழிக்க வெட்கப்படுவதில்லை! அந்த அம்மாளுக்கு ரத்தக்கொதிப்பு உண்டா என்று அதற்குமுன் எந்தக் காலத்திலாவது விசாரித்தாரா?

சர்க்கரையோ ரத்தக்கொதிப்போ உள்ளவர்களும், குடும்பத்தில் சிறுநீரக வியாதி கண்டவர்களும், ஆணானாலும் பெண்ணானாலும், வருஷத்துக்கொருமுறை மூத்திரத்தில் ஆல்புமினையும் ரத்தத்தில் கிரியேட்டினினையும் பார்த்தே தீரவேண்டும். தோழர்களே, வருகிற சனிக்கிழமை வரிசைக்குப் போகிறவர்கள் போகட்டும். போகுமுன் மூத்திரச் சீசாவைச் சோதனைச்சாலையில் கொடுத்துவிட்டுப் போகட்டும். ஆஞ்சநேயர் ஒன்றும் கோபித்துக்கொள்ளமாட்டார்.