ஆட்டுக்குப் பட்டா இல்லை

"ரேஷன் அரிசிய வாங்கி மாட்டுக்கும் கோழிக்கும் போடுறானுங்க." "காசா குடுத்தா நேரா சாராயக்கடைக்குத்தான் போகும்." இந்த இரண்டையும் காரைக்காலில் ஒரே டீக்கடையில், ஒரே வாயிலிருந்து, பத்து நிமிட இடைவெளியில் கேட்டிருக்கிறேன். அரிசி கொடுத்தாலும் குற்றம், பணம் கொடுத்தாலும் குற்றம். அப்படியென்றால் இவர்களுக்கு உறுத்துவது கொடுக்கப்படும் பொருளா, வாங்குகிற கையா? (அந்தச் சாராயக்கடையை ஏலம் விட்டு வருமானம் பார்ப்பதும் அதே அரசுதான் என்பது தனிக்கதை.)

முதல் குற்றச்சாட்டை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஆமாம், போட்டோம். கோட்டுச்சேரிமேட்டில் எங்கள் வீட்டில் ஒரு பசுவும் ஐந்தாறு வெள்ளாடுகளும் இருந்தன. நிலம் ஒரு குழிகூட இருந்ததில்லை. ரேஷன் அரிசி கழுவிய கழுநீர், வடித்த கஞ்சி, மிஞ்சிய சோறு, சில மாதங்களில் வாயில் வைக்க முடியாத நாற்றத்தோடு வந்த அரிசி எல்லாம் பசுவின் தொட்டிக்குத்தான் போயின. பசு பால் கறந்தது. அந்தக் காசில் நான் படித்தேன். மிராசுதார் வீட்டு மாடு வைக்கோல் போரில் மேய்ந்தால் அது விவசாயம், எங்கள் மாடு கஞ்சி குடித்தால் முறைகேடா?

பிறகு அரிசியே நின்றது. தானியத்துக்குப் பதிலாக வங்கிக் கணக்கில் பணம் போடும் முறை, தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 2015 செப்டம்பரில் சண்டிகரிலும் புதுச்சேரியிலும் தொடங்கப்பட்டது. மாநில அரசின் இலவச அரிசியையும் அந்த வழிக்கே தள்ளினார்கள். அரிசிதான் வேண்டும் என்றது நாராயணசாமி அமைச்சரவை. பணம்தான் என்றார் துணைநிலை ஆளுநர் கிரண்பேடி. ஒன்றிய அரசு ஆளுநர் பக்கம் நின்றது. உயர் நீதிமன்றத்துக்குப் போன வழக்கு 2020இல் தள்ளுபடியானது. இத்தனை பேர் அடித்துக்கொண்டதில் காலனிப் பக்கம் வந்து "உனக்கு எது வேண்டும்மா?" என்று கேட்டவர் ஒருவருமில்லை. சிவப்பு அட்டைக்கு 20 கிலோவுக்கு ஈடாக 600 ரூபாய், மஞ்சள் அட்டைக்கு 300. மூடப்பட்ட ரேஷன் கடைகள் 2024 அக்டோபரில், தீபாவளியை ஒட்டித்தான் மறுபடி திறந்தன.

வடக்கே நண்டலாற்றைத் தாண்டினால் தமிழ்நாடு. என் சின்னம்மா வாக்கப்பட்டது அந்தப் பக்கம். அங்கே 2011 ஜூன் முதல் 20 கிலோ அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. வெளிச்சந்தையில் அரிசி கிலோ 30 விற்றாலும் 45 விற்றாலும் சின்னம்மாவுக்கு 20 கிலோ 20 கிலோதான். அம்மாவின் 600 ரூபாய்க்கு, கிலோ 45 என்றால் 13 கிலோ. அதுவும் மாதாமாதம் வரவில்லை. நிலுவை சேர்ந்து சேர்ந்து, தேர்தலோ பண்டிகையோ நெருங்கும்போது மொத்தமாக விழும். அக்கா தங்கை இருவர், ஒரே சாதி, ஒரே கூலி, நடுவில் ஓர் ஆறு. அந்தப் பக்கத்துப் பசு நின்றது. எங்கள் பசு போயிற்று. வீட்டில் கஞ்சி குறைந்தபோது தவிடும் புண்ணாக்கும் முழுக்க முழுக்கக் காசுக்கு வாங்க வேண்டியதாயிற்று. கட்டுப்படியாகவில்லை.

அப்படியானால் நான் பணமாகக் கொடுப்பதற்கு எதிரியா? இல்லை. 2023இல், வேறு அரசு உதவி எதுவும் பெறாத ஏழைக் குடும்பத் தலைவிகளுக்கு மாதம் 1000 ரூபாய் கொடுக்கும் திட்டம் புதுச்சேரியில் நடைமுறைக்கு வந்தது. ஆயிரம் ரூபாயில் ஆடு வாங்க முடியுமா என்று நண்பர்கள் கிண்டல் செய்தார்கள். முடியாது. அந்தப் பணத்தின் வேலை ஆட்டை விற்காமல் வைத்திருப்பது.

ஐப்பசி, கார்த்திகையில் டெல்டாவுக்கு வந்து பாருங்கள். நடவு முடிந்து கூலி வேலை இருக்காது. வயலெல்லாம் தண்ணீர். ஆடு நிற்க ஈரமில்லாத இடம் கிடைக்காது. குளம்பு அழுகும், கழிச்சல் போகும், குட்டி சளி பிடித்துச் சாகும். வீட்டில் அரிசியும் இருக்காது. இது வியாபாரிக்கு நன்றாகத் தெரியும். சரியாக அப்போதுதான் அவர் வண்டியைத் தெருவுக்குள் விடுவார். தை வரைக்கும், பக்ரீத் வரைக்கும் தாங்கினால் நல்ல விலைக்குப் போகும் கிடாய் பாதி விலைக்குப் போகும். மாதம் ஆயிரம் கையில் இருந்தால் அம்மா "இப்ப இல்லண்ணே, அப்புறம் வாங்க" என்று சொல்லலாம். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் நான் அந்தப் பணத்தை ஆதரிக்கிறேன். கைமாற்றுக்குப் போய் நிற்காதவர், நிலக்காரர் வீட்டுக் கன்றை வாரத்துக்கு வளர்த்து, தீனி தன்னுடையது, பாதி விலை அவருடையது என்று ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. அதனால்தான் சிலருக்கு எரிகிறது.

ஆனால் 'நேரடிப் பணம்' என்ற சொல்லின் பெரிய மோசடி வேறிடத்தில் இருக்கிறது. 2019 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமர் கிசான் திட்டம் ஆண்டுக்கு 6000 ரூபாயை மூன்று தவணையாகத் தருகிறது. யாருக்கு? நிலம் பெயரில் இருப்பவருக்கு. முதலில் இரண்டு ஹெக்டேர் வரை என்றார்கள். சில மாதங்களிலேயே அந்த வரம்பையும் எடுத்துவிட்டார்கள். வருமான வரி கட்டுவோர் போன்ற சில விலக்குகள் போக, எத்தனை ஏக்கர் வைத்திருந்தாலும் சரி. நிலமற்ற கூலி விவசாயி இல்லை, ஆடு மேய்ப்பவர் விவசாயி இல்லை. 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி நாட்டின் சாகுபடிப் பரப்பில் பட்டியல் சாதியினர் கையில் இருப்பது 9 விழுக்காட்டுக்கும் குறைவு. மக்கள்தொகையில் அவர்கள் 16 விழுக்காட்டுக்கு மேல். பட்டாவைக் கேட்டுவிட்டால் சாதியைக் கேட்கத் தேவையில்லை. இந்த 6000 ரூபாயை 'இலவசம்' என்று எந்த டீக்கடையிலும் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

பாலின் கதையும் அதே. 11 மாநிலங்களில் 565 கிராமங்களில் எடுத்து 2006இல் நூலாக வந்த தீண்டாமை ஆய்வு, பால் கூட்டுறவுச் சங்கங்களில் பால் ஊற்றவிடாமல் தலித்துகளைத் தடுக்கும் வழக்கம் ஏறத்தாழ பாதி கிராமங்களில் இருப்பதாகக் கண்டது. மாடு வாங்கக் கடன் கொடுக்கலாம், மானியம் கொடுக்கலாம். கறந்த பாலில் தீட்டு என்றால் அந்த மாட்டை வைத்து என்ன செய்வது? ஆட்டுக்கு அந்தச் சிக்கல் இல்லை. கறிக்குத் தீட்டு பார்ப்பதில்லை. எங்கள் தெருக்களில் மாட்டைவிட ஆடு அதிகம் இருப்பதற்கு நிலமின்மை மட்டும் காரணமல்ல.

மேய்ச்சலுக்கு வருவோம். சம்பா அறுப்புக்கு முன்பே வயலில் உளுந்தும் பயறும் தெளித்துவிடுகிறார்கள். ஆகவே அறுத்த வயலும் ஆட்டுக்குக் கிடையாது. மிச்சம் வாய்க்கால் கரை, சாலை ஓரம். ஒரு குட்டி வரப்பு தாண்டி உளுந்தில் வாய் வைத்தால் வசவு ஆட்டின் மேல் விழுவதில்லை, எங்கள் சாதியின் மேல் விழுகிறது. புறம்போக்கில் ஒரு பகுதியை மேய்ச்சலுக்கு ஒதுக்கச் சொல்லி யாரிடம் போவது? புதுச்சேரியில் உள்ளாட்சித் தேர்தல் கடைசியாக நடந்தது 2006இல். அதற்கு முந்தையது 1968இல். 2011இல் பதவிக்காலம் முடிந்ததிலிருந்து கொம்யூன் பஞ்சாயத்தில் நாங்கள் தேர்ந்தெடுத்த ஓர் உறுப்பினர் இல்லை. அதிகாரிக்கு மனு கொடுக்கலாம். கொடுத்திருக்கிறோம்.

2025 வரவுசெலவு அறிவிப்பில் அந்த ஆயிரத்தை 2500 ஆக்குவதாகச் சொன்னார்கள். வரட்டும், வாங்கிக்கொள்வோம், அது எங்கள் வரிப்பணம்தான். ஆனால் அரிசியை நிறுத்திவிட்டுப் பணம் என்று மறுபடி ஆரம்பித்தால் ரேஷன் கடை வாசலில் உட்காருவோம். நிலம் வைத்திருப்பவருக்குக் கொடுக்கும் 6000 ரூபாயை நிலமில்லாமல் கால்நடை வளர்ப்பவருக்கும் கொடுங்கள். பட்டா கேட்காதீர்கள். ஆட்டின் காதில் நீங்களே அடித்த எண் தோடு இருக்கிறது, அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் ஆடு நிற்க ஊருக்கு ஒரு மேடு கொடுங்கள். எங்கள் ஊர்ப் பெயரில் இருக்கிற மேட்டில் ஆட்டுக்கு இடமில்லை.