அடுத்து கூல் லிப் வைக்கப்போவது யார்? மாணவர்களை முன்கூட்டியே கணிப்பதில் என்ன சிக்கல்?

சிகரெட் பிடித்தால் வாய் நாறும். சட்டையில் வாசனை ஒட்டிக்கொள்ளும். வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மா கண்டுபிடிச்சிடுவாங்க. உதட்டுக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கி வைக்கிற குட்டிப் பைக்கு இந்தத் தொல்லையே கிடையாது. தீப்பெட்டி வேண்டாம், புகை வராது. ஆசிரியர் போர்டில் எழுதிக்கொண்டிருக்கும்போதே வாய்க்குள் இருக்கலாம். ‘கூல் லிப்’ மாதிரியான பொருட்கள் பள்ளி மாணவர்களிடம் சுலபமாகப் போய்ச் சேர்வதற்கு இந்த ‘வசதி’ ஒரு முக்கியக் காரணம்.

புகையிலை என்றாலே சிகரெட்தான் நினைவுக்கு வருகிறது. ஆனால் நம்மூர்ப் பசங்களின் கதை அங்கே ஆரம்பிப்பதில்லை. 13 முதல் 15 வயது மாணவர்களிடம் 2019ல் இந்தியா முழுக்க ஒரு பெரிய ஆய்வு நடந்தது. சிகரெட்டைத் தொட்டவர்களில் பாதிப் பேர் 11.5 வயதுக்குள் தொட்டிருந்தார்கள். பீடிக்கு அது 10.5. மெல்லும், ஒதுக்கும் ரகங்களுக்கு 9.9! ஐந்தாம் வகுப்பு படிக்கிற வயசு.

அப்படியென்றால், யார் ஆரம்பிக்கப் போகிறார்கள் என்று முன்கூட்டியே கண்டுபிடித்துத் தடுத்துவிடலாமே? கேட்க நியாயமான யோசனைதான். இதற்கென ஒரு ஆராய்ச்சித் துறையே இருக்கிறது.

1990களில் கலிஃபோர்னியாவில் ஜான் பியர்ஸ் குழு செய்தது ரொம்ப எளிமையான விஷயம். இதுவரை புகைக்காத பிள்ளைகளிடம், “நெருங்கின ஃப்ரெண்ட் ஒரு சிகரெட் நீட்டினா வாங்குவியா?”, “வரும் வருஷத்துல பிடிப்பேன்னு நினைக்கிறியா?” போன்ற சில கேள்விகள். எல்லாவற்றுக்கும் “கண்டிப்பா மாட்டேன்” என்றவர்கள் ஒரு பக்கம். “மாட்டேன்னுதான் நினைக்கிறேன்” என்று லேசாக இழுத்தவர்கள்கூட மறுபக்கம். பின்னாளில் புகைக்க ஆரம்பித்தவர்கள் அந்த இழுத்த கூட்டத்தில்தான் அதிகம்.

அமெரிக்காவில் 2013 முதல் சுமார் 46,000 பேரைத் தொடர்ந்து கவனித்துவரும் ‘பாத்’ ஆய்வு இதை இ-சிகரெட், ஹூக்கா, வாயில் ஒதுக்கும் புகையிலை வரைக்கும் கொண்டுபோனது. சிகரெட்டையே தொடாத 12 முதல் 17 வயதுப் பிள்ளைகளில், இவற்றில் ஏதாவது ஒன்றைத் தொட்டவர்கள் ஒரே வருடத்தில் சிகரெட்டுக்கும் போகும் வாய்ப்பு கூடுதல் என்பது அதில் தெரிந்தது. இந்தத் தகவல்களைக் கணினியிடம் கொடுத்து, அடுத்து யார் என்று கேட்கும் முயற்சிகளும் நடக்கின்றன.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

ஒரு பள்ளியில் 1,000 மாணவர்கள். ஒரு பேச்சுக்கு, அடுத்த வருடத்துக்குள் 40 பேர் ஆரம்பிக்கப் போகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். நம்மிடம் இருக்கும் கருவி நல்ல கருவி. ஆரம்பிக்கப் போகிறவர்களில் 80 சதவீதத்தைப் பிடித்துவிடும், ஆரம்பிக்காதவர்களில் 80 சதவீதத்தைச் சரியாக விட்டுவிடும்.

40ல் 32 பேர் சிக்குவார்கள். சூப்பர். மீதி 960 பேரில் 20 சதவீதம், அதாவது 192 பேர், சும்மாவே மாட்டுவார்கள். பட்டியலில் மொத்தம் 224 பெயர். அதில் ஏழு பேருக்கு ஒருவர்தான் நிஜம்.

இந்தப் பட்டியல் எங்கே போகும்? பிரின்சிபல் மேசைக்கு, அங்கிருந்து ஸ்டாஃப் வாட்ஸ்அப் குரூப்புக்கு, அடுத்த வாரம் பெற்றோர் கூட்டத்துக்கு. “உங்க பையன் லிஸ்ட்ல இருக்கான்” என்று சொன்ன பிறகு, ‘அது வெறும் நிகழ்தகவுதான்’ என்று யார் விளக்குவது?

யார் பெயர் முதலில் வரும் என்பதும் தெரிந்ததுதான். வீட்டில் ஒருவர் புகையிலை போட்டால், நண்பர்கள் போட்டால், ஆபத்து கூடும் என்கின்றன ஆய்வுகள். வெற்றிலையோடு பொயிலை போடும் ஆயா இருக்கிற வீட்டுப் பிள்ளை, தாத்தாவுக்கு வாங்கிவர பெட்டிக்கடைக்கு அனுப்பப்படும் பிள்ளை, இவர்கள்தான். (18 வயதுக்குக் கீழ் உள்ளவருக்குப் புகையிலை விற்பதே குற்றம். “தாத்தாவுக்குத்தான்” என்றாலும் குற்றம்தான்.) பிள்ளை செய்யாத தப்புக்குப் பிள்ளை மேல் முத்திரை.

சென்னை ஆய்வில் வந்த அதிர்ச்சி

நாம் ‘ரிஸ்க்’ என்று நினைப்பது சரியா என்பதே சந்தேகம். டெல்லி, சென்னைப் பள்ளிகளில் 11,000-க்கும் அதிகமான மாணவர்களிடம் எடுத்து 2006ல் ‘லான்செட்’ இதழில் வெளியான ஆய்வைப் பாருங்கள். எட்டாம் வகுப்பில் எப்போதாவது புகையிலையைத் தொட்டவர்கள் 9.3 சதவீதம். ஆறாம் வகுப்பில் 24.8! வயது கூடக்கூடத்தான் பழக்கம் வரும் என்று நம்பி, மீசை முளைத்தவனை மட்டும் கண்காணித்திருந்தால் கோட்டை விட்டிருப்போம்.

அதே குழு, இரண்டு நகரங்களிலும் மொத்தம் 32 பள்ளிகளை வைத்து அடுத்து ஒரு வேலை செய்தது. பாதிப் பள்ளிகளில் வகுப்பறைச் செயல்பாடுகள், போஸ்டர்கள், மாணவர்களே முன்னின்று நடத்தும் உரையாடல்கள். யாரையும் தனியாகப் பொறுக்கி எடுக்கவில்லை. வகுப்பு மொத்தமும் கலந்துகொண்டது. இரண்டு வருடத்தில், ஒன்றுமே செய்யாத பள்ளிகளில் புகையிலைப் பயன்பாடு 68 சதவீதம் கூடியது. திட்டம் நடந்த பள்ளிகளில் 17 சதவீதம் குறைந்தது. பட்டியல் போடாமலே கிடைத்த ரிசல்ட் இது.

கணிப்பே வேண்டாம் என்பதல்ல. ஆளைக் கணிப்பதை விட்டுவிட்டு இடத்தைக் கணிக்கலாம். பள்ளியிலிருந்து 100 கஜத்துக்குள், அதாவது சுமார் 91 மீட்டருக்குள், புகையிலை விற்கக்கூடாது என்று 2003 சட்டம் சொல்கிறது. குழந்தைக்குப் புகையிலை கொடுத்தால் ஏழு ஆண்டு வரை கடுங்காவல் என்கிறது 2015 சிறார் நீதிச் சட்டம். குட்காவுக்குத் தமிழ்நாட்டில் 2013 முதல் தடை ஆணைகள் வந்தன. 2023 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்ய, ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நிறுத்தி வைத்தது. 2024ல் மதுரைக் கிளை, கூல் லிப்பை நாடு முழுக்க ஏன் தடை செய்யக்கூடாது என்று கேட்டது. காகிதத்தில் குறைச்சல் ஒன்றும் இல்லை.

அந்தக் கேள்வித்தாளைப் பள்ளிகளில் கொடுக்கட்டும். பெயர், ரோல் நம்பர் கேட்காமல் கொடுக்கட்டும். “நண்பன் கொடுத்தால் வாங்குவாயா?” என்பதோடு “இங்கே எந்தக் கடையில் கிடைக்கும்?” என்று இன்னொரு கேள்வியும் சேரட்டும். பசங்களுக்குப் பதில் தெரியும். அந்தத் தாள்கள் போகவேண்டியது ஸ்டாஃப் ரூமுக்கு அல்ல, உணவுப் பாதுகாப்புத் துறைக்கு.