விரல் போனால்தான் செக் வரும்

போன மாதம் என் மாமனாரின் இடதுகால் சுண்டுவிரலை எடுத்துவிட்டார்கள். இன்ஷூரன்ஸ்காரர்கள் மூன்றே மணி நேரத்தில் கேஷ்லெஸ் அப்ரூவல் கொடுத்தார்கள். பிரமாதமான சர்வீஸ். ஆனால் அதற்கு முன்னால் பதினோரு வாரம் அந்த விரலைக் காப்பாற்ற நாயாய் அலைந்தோமே, அந்தச் செலவுக்கு ஒரு பைசா தரவில்லை. போன் போட்டுக் கேட்டேன். "சார், அட்மிஷனே இல்லையே, எப்படி சார் தருவது?" என்றாள் ஒரு பெண், ரொம்ப மரியாதையாக.

இன்றைக்குக் கொஞ்சம் கோபமாகத்தான் எழுதப் போகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள் :-)

மாமனார் கும்பகோணத்துக்காரர். இருபத்திரண்டு வருட சர்க்கரை. மாமியார் போன பிறகு எங்களோடு இங்கே துவாரகாவில்தான் இருக்கிறார். ஜனவரிக் குளிரில் ரூம் ஹீட்டர் பக்கத்தில் காலை நீட்டிக்கொண்டு டிவி பார்த்திருக்கிறார். சுட்டது அவருக்குத் தெரியவே இல்லை. உணர்ச்சி செத்துப்போன கால். ராத்திரி சாக்ஸைக் கழற்றும்போது என் மனைவிதான் பார்த்தாள், கொப்புளம் உடைந்து துணியோடு ஒட்டிக்கொண்டிருந்தது. ஊரிலிருந்து பெரியவர்கள் வந்தால் ஸ்வெட்டர், மங்கி குல்லா எல்லாம் வாங்கி வைக்கிறோம். ஹீட்டரை நாலடி தள்ளி வை என்று ஒருத்தருக்கும் சொல்லத் தோன்றுவதில்லை. எனக்கும் தோன்றவில்லை.

டிரெஸ்ஸிங் செய்த டாக்டர் ஒருநாள், "புண் அப்படியே நிற்கிறது, குரோத் ஃபாக்டர் போட்டுப் பார்க்கலாமா?" என்றார். நான் பி.காம். டெபிட் கிரெடிட் தெரியும், செல் திசு தெரியாது. அன்று ராத்திரி உட்கார்ந்து படித்தேன்.

விஷயம் இதுதான். நமக்குக் காயம் பட்டால் ரத்தத் தட்டணுக்களும் பக்கத்துச் செல்களும் சில புரதங்களை வெளியே விடும். "இங்கே வா, பெருகு, மூடு" என்று மற்ற செல்களுக்கு உத்தரவு போடுவது அவைதான். பி.டி.ஜி.எஃப்., ஈ.ஜி.எஃப். என்றெல்லாம் பெயர். (ஈ.ஜி.எஃப்.-ஐ எலியின் உமிழ்நீர்ச் சுரப்பியில் கண்டுபிடித்த ஸ்டான்லி கோஹனுக்கு 1986இல் நோபல் கிடைத்தது. நாய் தன் புண்ணைத் தானே நக்குவதற்கு அர்த்தம் இருக்கிறது போல!) சர்க்கரைப் புண்ணில் வீக்கம் அடங்காமல் நொதிகள் மிதமிஞ்சிச் சுரந்து இந்தப் புரதங்களையே தின்றுவிடுகின்றன. செல்கள் ஏறி நிற்க வேண்டிய அஸ்திவாரத்தையும் அரித்துவிடுகின்றன. வெறும் ஜெல்லாகத் தடவினால் புண்ணில் வடியும் நீரிலேயே பாதி போய்விடும்.

அதனால்தான் சாரம். ஆமாம், கொத்தனார் கட்டுகிற அதே சாரம்தான். கொலாஜனில் ஓட்டை ஓட்டையாக ஒரு பஞ்சு செய்து, அதற்குள் புரதத்தை ஏற்றிப் புண்ணில் வைப்பது. புரதம் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். லம்ப்சமாகக் கொடுக்காமல் பென்ஷனாகக் கொடுப்பது மாதிரி. நொதிகள் முதலில் பஞ்சைத் தின்னும், செல்கள் அதன்மேல் ஏறும், வேலை முடிந்ததும் சாரம் தானே கரைந்துவிடும்.

இதெல்லாம் அமெரிக்கச் சரக்கு என்று நினைத்தேன். இல்லை. அடையாறில் 1948இலிருந்து இருக்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் மாட்டுத்தோலில் செருப்புக்கு வழி சொல்வதோடு நிற்கவில்லை. அதே தோலின் கொலாஜனில் புண்ணுக்கான சாரம் செய்யும் ஆராய்ச்சியும் அங்கே பல வருடமாக நடக்கிறது. திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரா நிறுவனம் பன்றியின் பித்தப்பையிலிருந்து செல்களை நீக்கி எஞ்சும் சவ்வில் 'கோலிடெர்ம்' என்று ஒன்று செய்து, 2023இல் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் அனுமதியும் வாங்கிவிட்டது. பத்தாயிரம் ரூபாய்ச் செலவு இரண்டாயிரமாகக் குறையும் என்று அப்போது அறிவித்தார்கள். ஹைதராபாத் பாரத் பயோடெக்கின் ஈ.ஜி.எஃப். ஜெல்லைச் சர்க்கரைப் புண்ணில் சோதித்து, ராயபுரம் எம்.வி. மருத்துவமனை டாக்டர் விஜய் விஸ்வநாதனும் மற்றவர்களும் 2006இலேயே கட்டுரை எழுதியிருக்கிறார்கள்.

உடனே மருந்துக் கம்பெனி ஏஜெண்ட் என்று என்னைத் திட்ட வேண்டாம். எதிர்க்கட்சி வாதத்தையும் சொல்லிவிடுகிறேன். நீரிழிவுப் பாதத்துக்கான சர்வதேசச் செயற்குழு 2023 வழிகாட்டியில், குரோத் ஃபாக்டரையும் கொலாஜன் டிரெஸ்ஸிங்கையும் புண் ஆற்றுவதற்கென்று பயன்படுத்த வேண்டாம், ஆதாரம் போதாது என்கிறது. அமெரிக்காவில் 1997இல் அனுமதி பெற்ற பி.டி.ஜி.எஃப். ஜெல்லுக்கு 2008இல் புற்றுநோய் எச்சரிக்கை ஒட்டினார்கள், 2018இல் எடுத்தார்கள். ஆகவே மந்திர மருந்து எதுவும் கிடையாது. முதலில் செய்ய வேண்டியது செத்த சதையை வெட்டிச் சுத்தம் செய்வது, ரத்த ஓட்டம் பார்ப்பது, புண்மேல் எடை விழாமல் தடுப்பது. வேலூர் சி.எம்.சி.யில் தொழுநோயாளிகளின் உணர்ச்சியற்ற கால்களோடு வருடக்கணக்கில் இருந்த டாக்டர் பால் பிராண்ட் இதைத்தான் தொண்டை வறளச் சொன்னார். 1966இல் அமெரிக்கா போனபோது அந்த மாவுக்கட்டு வைத்தியத்தையும் கையோடு கொண்டுபோய்ப் பரப்பினார். புண்ணோடு நடந்துகொண்டே எவ்வளவு விலைக்குச் சாரம் வைத்தாலும் மணலில் ஊற்றிய தண்ணீர்தான்.

சரி, அந்த மாவுக்கட்டுக்காவது காசு தருகிறார்களா? அதுவும் இல்லை! என் கோபமே அங்கேதான். விலை உயர்ந்த சாரத்துக்கு ஆதாரம் போதாது என்றால் ஒப்புக்கொள்கிறேன். ஆதாரம் கெட்டியாக இருக்கும் மாவுக்கட்டும் புண் சுத்தமும்கூட பெரும்பாலும் வெளிநோயாளியாகச் செய்வதுதானே. நம் பாலிசிகளோ 24 மணி நேரம் படுத்தால்தான் கண் திறக்கும். 2020இல் வந்த ஆரோக்கிய சஞ்சீவனி அப்படித்தான். ஆயுஷ்மான் பாரத்திலும் வெளிநோயாளிச் செலவு கிடையாது. ஓ.பி.டி. ரைடர் என்று தனியாக ஒன்று விற்கிறார்கள், அதன் வரம்பு பல் டாக்டருக்கே சரியாகப் போய்விடும்.

இதைவிடக் கொடுமை ஒன்று. விரலை எடுத்த பிறகு ஃபைலை முழுதாகப் படித்தேன் (இருபது வருடமாக லோன் டாக்குமெண்ட் படித்த கண்). அட்மிஷனுக்கு முந்தைய முப்பது நாள் செலவு, பிந்தைய அறுபது நாள் செலவு, இரண்டும் உண்டு என்று போட்டிருக்கிறது. அனுப்பினேன். பணம் வந்துவிட்டது! அதே நர்ஸ், அதே சலைன், அதே காஸ், அதே பில். விரல் இருந்தவரை செல்லாத பில், விரல் போனதும் செல்லும் பில் ஆகிவிட்டது. இந்தக் கணக்கை எந்த ஆடிட்டர் ஒப்புக்கொள்வார்?

பொய் பில் வரும், அதனால்தான் ஓ.பி.டி. தருவதில்லை என்பார்கள். வரும்தான். பாங்கில் இருப்பவனுக்குத் தெரியாதா? ஆனால் வீட்டுக் கடனில் நாங்கள் என்ன செய்கிறோம்? அஸ்திவாரம் முடிந்ததா, போய்ப் பார், முதல் தவணையை விடு. தளம் போட்டாச்சா, அடுத்தது. புண்ணுக்கும் அப்படியே செய்யலாமே. வாராவாரம் ஸ்கேல் வைத்து ஒரு போட்டோ போதும். நாலு வாரத்தில் புண்ணின் பரப்பு பாதியாகக் குறைந்தால் பன்னிரண்டு வாரத்தில் ஆற நல்ல வாய்ப்பு உண்டு என்பது டாக்டர்களுக்குப் பழகிய அளவுகோல். முதல் தவணை சுத்தத்துக்கும் மாவுக்கட்டுக்கும். நாலு வாரத்தில் பாதியாகவில்லையா, டாக்டர் எழுதிக் கொடுக்கட்டும், இரண்டாவது தவணை சாரத்துக்கும் புரதத்துக்கும். அதன் பலனையும் பதிந்து வைத்தால், ஆதாரம் போதாது என்கிறவர்களுக்கு நம் ஊர்க் கால்களிலேயே ஆதாரம் சேரும். அடையாறும் திருவனந்தபுரமும் செய்கிற சரக்கு தேறுமா தேறாதா என்பதும் தெரிந்துவிடும்.

கொஞ்சப் பேர் விஷயம் இல்லை இது. 2023இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வின்படி நாட்டில் சுமார் 10.1 கோடி பேருக்குச் சர்க்கரை. தமிழ்நாட்டில் 14.4 சதவீதம், டெல்லியில் 17.8.

மாமனார் இப்போது பால்கனி வரைக்கும் நடக்கிறார், எம்.சி.ஆர். செருப்பு போட்டுக்கொண்டு. "ஒரு விரல்தானே மாப்பிள்ளை, விடுங்கோ" என்கிறார். என்னால் விட முடியவில்லை. முப்பது நாளுக்கு முந்தைய பில்கள் ஏழு வாரத்துக்கு இன்னும் ஃபைலில் கிடக்கின்றன. கம்பெனிக்கு முதல் புகார் போய்விட்டது, பதில் சரியில்லை என்றால் அடுத்தது இன்ஷூரன்ஸ் குறைதீர்ப்பாளர். நாளைக்கு இரண்டாவது சனிக்கிழமை, பாங்க் லீவு. காப்பி குடித்துவிட்டுக் கடிதம் எழுத உட்கார வேண்டும்.