சட்டம் அறிவோம்: விமானப் பணியாளரின் வேலைநிறுத்தமும் பயணியின் உரிமையும்

மகளின் பிள்ளைப்பேறு பார்க்கவென்று பிரான்சுக்குப் போய்வந்த ஒரு அம்மா தன் கதையைச் சொன்னார். திரும்பி வரும் நாளில் பாரிஸ் விமான நிலையத்தில் பெட்டியோடு நின்றபோதுதான் விமானம் இரத்து என்று அறிவித்தார்களாம். அந்த விமான சேவையின் விமானிகள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கருமபீடத்தில் இருந்தவர் கையை விரித்துவிட்டார். மகள் பச்சை உடம்புக்காரி, மருமகனுக்கு இரவு வேலை. அவர்களைக் கரைச்சல்படுத்தக் கூடாதென்று அம்மா அன்றிரவைக் கதிரையிலேயே கழித்தார். இரண்டு நாளின் பின் வேறொரு விமானத்தில் ஏற்றிவிட்டார்கள்.

“வேலைநிறுத்தம் எண்டால் அவையளும் என்ன பிள்ளை செய்யிறது?” என்றார்.

நிவாரண வரிசையிலும் பதிவு வரிசையிலும் காத்திருந்து பழகியவர்கள் நாம். ‘இல்லை’ என்றதும் பேசாமல் திரும்பிவிடுகிறோம். ஆனால் அந்த அம்மாவுக்கு அன்று சாப்பாடும் தங்குமிடமும் சட்டப்படி உரித்தாக இருந்தன. அதற்கு மேல் 600 யூரோ நட்டஈடும் உரித்தாக இருந்தது.

எந்தச் சட்டம்?

2004 இல் ஐரோப்பிய ஒன்றியம் ஆக்கிய 261 ஆம் இலக்க ஒழுங்குவிதியே அது. ஒன்றிய நாடுகளிலிருந்தும் நோர்வே, ஐஸ்லாந்து, சுவிற்சர்லாந்து ஆகியவற்றிலிருந்தும் புறப்படும் எல்லா விமானங்களுக்கும் இது பொருந்தும். விமானம் எந்த நாட்டினது, பயணி எந்த நாட்டவர் என்பது பொருட்டல்ல. இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவருக்கும் அதே உரிமைதான். பிரித்தானியா ஒன்றியத்தை விட்டு விலகிய பின்னும் இதையொத்த விதியைத் தன் சட்டத்தில் வைத்துக்கொண்டது.

புறப்பாட்டுக்கு 14 நாட்களுக்குக் குறைவான அறிவித்தலில் விமானம் இரத்தானால் நட்டஈடு கேட்கலாம். மூன்று மணித்தியாலமோ அதற்கு மேலோ தாமதமாகப் போய்ச் சேர்ந்தாலும் கேட்கலாம் என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2009 இல் தீர்ப்பளித்தது. தூரத்தைப் பொறுத்து 250, 400 அல்லது 600 யூரோ கிடைக்கும். ஐரோப்பாவிலிருந்து கொழும்பு 3500 கிலோமீற்றருக்கு அப்பால் இருப்பதால் நமக்கு 600 யூரோ என்ற பிரிவே பொருந்தும். மாற்று விமானம் நான்கு மணித்தியாலத்துக்கு மேற்படாத தாமதத்துடன் கொண்டுபோய்ச் சேர்த்தால் அத்தொகை பாதியாகலாம்.

வேலைநிறுத்தம் யாருடையது?

‘அசாதாரண சூழ்நிலை’யால் தடங்கல் வந்தால் நட்டஈடு இல்லை என்று விதியில் ஒரு விலக்கு உண்டு. வேலைநிறுத்தமும் அப்படியானதே என்று விமான சேவைகள் நெடுங்காலம் வாதிட்டன.

2016 ஒக்ரோபரில் ஜேர்மனியின் ரூய்ஃப்ளை நிறுவனம் மறுசீரமைப்பை அறிவித்ததும், பணியாளர்கள் பெருந்தொகையாகச் சுகவீன விடுமுறையில் நின்றார்கள். விமானங்கள் முடங்கின. அது அசாதாரண சூழ்நிலை அல்ல என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2018 இல் கூறியது.

2019 இல் எஸ்.ஏ.எஸ் நிறுவன விமானிகள் சம்பள உயர்வு முதலியவற்றைக் கேட்டு ஏழு நாட்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். 4000 இற்கு மேற்பட்ட விமானங்கள் இரத்தாகி ஏறத்தாழ 380,000 பயணிகள் பாதிக்கப்பட்டார்கள். சுவீடனில் மல்மோவிலிருந்து ஸ்டொக்ஹோமுக்குப் போகவிருந்த ஒரு பயணியின் 250 யூரோ வழக்கே ஐரோப்பிய நீதிமன்றம் வரை போனது. தொழிற்சங்கம் முறைப்படி அறிவித்து நடத்திய வேலைநிறுத்தமானாலும் நட்டஈடு கொடுக்கவேண்டும் என்று 2021 மார்ச்சில் தீர்ப்பு வந்தது. தன் ஊழியரோடு சம்பளம் பேசுவது எந்த நிறுவனத்துக்கும் வழமையான காரியம் என்பதே அதன் காரணம்.

வேலைநிறுத்தம் ஊழியரின் உரிமை. அதை நாம் குறை சொல்லவேண்டியதில்லை. ஆனால் அதன் செலவைப் பயணி சுமக்கவேண்டியதும் இல்லை.

விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்கள் போன்ற வெளியாரின் வேலைநிறுத்தம் வேறு. அது நிறுவனத்தின் கையில் இல்லாததால் பொதுவாக நட்டஈடு கிடைக்காது.

நட்டஈடு இல்லாதபோதும் கவனிப்பு உண்டு

காரணம் எதுவானாலும் காத்திருக்கும் நேரத்துக்கு ஏற்ற சாப்பாடு, இரண்டு தொலைபேசி அழைப்புகள், இரவு தங்கவேண்டி வந்தால் விடுதி, அங்கு போய்வர வாகனம் ஆகியவற்றை விமான சேவை இலவசமாகத் தரவேண்டும். 2010 இல் ஐஸ்லாந்து எரிமலைச் சாம்பலால் வானம் மூடியபோதும் இந்தக் கடமை இருந்தது என்று 2013 இல் நீதிமன்றம் சொன்னது.

விமானம் இரத்தானால் பணத்தைத் திரும்பப் பெறுவதா, மாற்று விமானத்தில் போவதா என்று தெரிவுசெய்பவர் பயணியே. ஊர் திரும்பவேண்டியவர் அவசரப்பட்டுப் பணத்தை வாங்கிவிட்டால், புதிய பயணச்சீட்டைத் தன் செலவில் எடுக்கவேண்டி வரும். கவனம்.

போகும்போது

கொழும்பிலிருந்து ஐரோப்பா போகையில், ஐரோப்பிய விமான சேவை என்றால் மட்டுமே இவ்விதி பொருந்தும். வளைகுடா நாட்டு விமானங்களில் போவோருக்கு 1999 ஆம் ஆண்டின் மொன்றியல் உடன்படிக்கை இருக்கிறது. இலங்கையும் அதில் இணைந்துள்ளது. அதில் நிலையான தொகை கிடையாது. தாமதத்தால் நேர்ந்த செலவைப் பற்றுச்சீட்டுகளுடன் காட்டவேண்டும். இயன்றதையெல்லாம் செய்ததாக நிறுவனம் நிரூபித்தால் அதுவும் கிடைக்காது. வழக்குத் தொடரும் காலம் இரண்டு வருடம்.

செய்யவேண்டியவை

1. பயணச்சீட்டு, போர்டிங் பாஸ், சாப்பாட்டுப் பற்றுச்சீட்டு எதையும் எறியாதீர்கள். அறிவித்தல் பலகையைத் தொலைபேசியில் படம் எடுங்கள்.

2. இரத்துக்கான காரணத்தை எழுத்தில் கேளுங்கள். பயணிகளின் உரிமைகளை விளக்கும் பத்திரத்தைத் தருவது அவர்களின் கடமை.

3. விளங்காத மொழியில் உள்ள எதிலும் கையெழுத்திடாதீர்கள். பணத்துக்குப் பதிலாக வவுச்சர் தருவதென்றால் உங்கள் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும்.

4. விசா முடியும் தறுவாயில் இருந்தால், முடியுமுன்னரே அந்நாட்டு அதிகாரிகளிடம் இரத்துக் கடிதத்துடன் போங்கள். தவிர்க்கமுடியாத தடையால் வெளியேற இயலாதவரின் ஷெங்கன் விசாவைக் கட்டணமின்றி நீடிக்க ஏற்பாடு உண்டு.

5. முதலில் விமான சேவைக்கே எழுதுங்கள். அதற்குச் செலவில்லை. நட்டஈடு பெற்றுத் தருவதாகச் சொல்லும் நிறுவனங்கள் தொகையில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும்.

6. இவ்விதிகளைத் திருத்துவது பற்றி 2025 இலும் ஐரோப்பாவில் பேசப்பட்டது. பயணத்துக்கு முன் அன்றைய நிலையைப் பிள்ளைகளிடம் பார்க்கச் சொல்லுங்கள்.

அந்த அம்மா ஊர் திரும்பி எட்டு மாதம் ஆகிறது. பிரான்சில் இந்த நட்டஈட்டைக் கேட்க ஐந்து வருடம் உண்டு என்று சொன்னேன். போர்டிங் பாஸ் எங்கே என்று கேட்டதும் உள்ளே போய், பேரப்பிள்ளையின் படத்தோடு ஒரு பொலித்தீன் பைக்குள் வைத்திருந்ததை எடுத்துவந்தார். அன்றே மகளுக்குத் தொலைபேசி எடுத்து, விமான சேவைக்குக் கடிதம் எழுதச் சொன்னோம்.

பயணச்சீட்டுக்காக அடகு வைத்த சங்கிலி இன்னும் மீளவில்லையாம். கேட்பதற்கு அவருக்குக் கூச்சம் இருந்தது. கேட்பது பிச்சையல்ல, சகோதரிகளே. அது அவருக்குச் சேரவேண்டிய பணம்.