பட்டியலில் முதலில் யார்?



இது கொஞ்சம் நீளமான பதிவு. சாஃப்ட்வேர் வேலையில் இருக்கும் என் பழைய மாணவர்கள் கட்டாயம் படியுங்கள். மற்றவர்களும் படிக்கலாம். எல்லோர் கையிலும் போன் இருக்கிறது, எல்லோரும் ஏதோ ஒரு ஆப்பை நம்பித்தான் இருக்கிறோம்.

சென்னையிலும் பெங்களூரிலும் வேலை பார்க்கும் பிள்ளைகள் திருத்தணிக்கு வரும்போது என்னிடம் சொல்வது ஒன்றுதான். "கோடு எழுதுவது கஷ்டமில்லை டீச்சர். எதை முதலில் செய்வது என்பதில்தான் சண்டை." கேட்பவர்கள் ஆளுக்கொன்று கேட்கிறார்கள். நாளும் ஆளும் குறைவு. அதனால் ஒவ்வொரு தேவைக்கும் எண் போட்டு எழுதி, எது முடிந்தது, எது பாக்கி என்று பார்த்துக்கொண்டே வர வேண்டும். அதோடு எது முதலில், எது அப்புறம் என்று வரிசைப்படுத்தவும் வேண்டும்.

எழுதிவைத்துப் பின்தொடர்வது எங்களுக்குப் பழகிய வேலைதான். ஆசிரியர் பயிற்சியில் முதலில் கற்றுக்கொடுப்பதே பாடக்குறிப்பு. இடப்பக்கம் ஒரு குறிக்கோள் எழுதினால், அதற்கு ஒரு செயல்பாடும் கடைசியில் ஒரு மதிப்பீட்டுக் கேள்வியும் இருக்க வேண்டும். கேள்வி இல்லாத குறிக்கோள் வெறும் அலங்காரம். குறிக்கோள் இல்லாத கேள்வி அநியாயம். நீங்கள் ஒவ்வொரு ரிக்வயர்மென்டுக்கும் ஒரு டெஸ்ட் இருக்கிறதா என்று சரிபார்க்கிறீர்களே, அதுவும் இதேதான்.

ஆனால் வரிசைப்படுத்துவது கணக்குப் பாடம் அல்ல. அது நீதி சம்பந்தப்பட்டது. இதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

நாம் எல்லோரும் பார்த்த ஓர் உதாரணம் சொல்கிறேன். கொரோனா தடுப்பூசிக்கு வந்த கோவின் தளம் நினைவிருக்கிறதா? 2021 ஜனவரி 16 அன்று தடுப்பூசித் திட்டத்தோடு சேர்ந்தே அது நடைமுறைக்கு வந்தது. 2022 ஜூலை 17க்குள் நாட்டில் 200 கோடி டோஸைத் தாண்டினோம். இவ்வளவு பெரிய கணக்கை அந்தத் தளம் தாங்கியது. செய்தவர்களை மனமாரப் பாராட்டுகிறேன்.

ஆனால் அதன் வரிசையைப் பாருங்கள். 2021 மே 1 முதல் 18 வயதிலிருந்து 44 வயது வரை உள்ளவர்களுக்கும் ஊசி என்றார்கள். அவர்கள் இணையத்தில் பதிவு செய்தே வர வேண்டும் என்று விதி. தளமோ ஆங்கிலத்தில் இருந்தது. பதிவு செய்ய போன் வேண்டும், ஓடிபி வர வேண்டும், நெட் வேண்டும், நேரம் திறந்த நிமிடத்தில் பிடிக்க விரல் வேகமும் வேண்டும். அரசு மையங்களுக்கு நேரில் வந்தும் பதிவு செய்யலாம் என்று இந்த வயதினருக்கு அனுமதி வந்தது மே 24 அன்று. மூன்று வாரம்! இரண்டாம் அலை உச்சத்தில் இருந்த மாதம் அது. மே 31 தேதியிட்ட உத்தரவில் உச்ச நீதிமன்றமே கேட்டது: இணைய வசதி இல்லாதவர்கள் என்ன செய்வார்கள், பார்வையற்றவர்கள் எப்படிப் பயன்படுத்துவார்கள் என்று.

ஜூன் தொடக்கத்தில் இந்திய மொழிகள் வந்தன. தெலுங்கு வந்தது, கன்னடம் வந்தது, மலையாளம் வந்தது. முதலில் வந்த அந்தப் பட்டியலில் தமிழ் இல்லை! தமிழ்நாட்டிலிருந்து குரல் எழுந்த பிறகு சில நாட்களில் சேர்த்தார்கள். நம் ஊர் 1960 ஏப்ரல் 1 அன்றுதான் ஆந்திரத்திலிருந்து சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. இன்றும் பல வீடுகளில் தெலுங்குதான் பேச்சு, தமிழில்தான் படிப்பு. பேசும் மொழி ஒன்று, படிக்கும் மொழி வேறு என்று இருக்கும் வீட்டுக்கு எந்த மொழி வேண்டும் என்பதை அங்கே போய்க் கேட்டால்தான் தெரியும்.

"முதலில் தளம் ஓடட்டும், மொழியை அப்புறம் பார்க்கலாம்" என்று உங்களில் சிலர் சொல்வீர்கள். அதிலும் நியாயம் உண்டு. எல்லாவற்றையும் முதல் நாளே செய்ய முடியாது. சில தேவைகள் பயன்படுத்தும்போதுதான் தெரியும். ஊசியே போடாதவருக்குப் போட்டதாகக் குறுஞ்செய்தி வந்த புகார்களுக்குப் பிறகுதான், 2021 மே 8 முதல் நான்கு இலக்கப் பாதுகாப்பு எண் வந்தது. அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் நாட்டில் கோடிக்கணக்கானவர்களுக்கு ஆங்கிலம் படிக்க வராது என்பது பயன்படுத்திப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தியா?

உங்கள் துறையில் 'மாஸ்கோ' என்று ஒரு முறை இருக்கிறதாமே. டாய் கிளெக் என்பவர் 1994இல் ஆரக்கிள் நிறுவனத்தில் இருந்தபோது உருவாக்கியது. கட்டாயம் வேண்டும், வேண்டும், இருந்தால் நல்லது, இப்போதைக்கு இல்லை என்று நான்கு பிரிவு. நல்ல முறைதான். ஆனால் கேட்டுப் பாருங்கள், எல்லோரும் தன்னுடையதைத்தான் 'கட்டாயம்' என்பார்கள். கடைசியில் யார் குரல் பெரிதோ, யார் பணம் கொடுக்கிறாரோ, அவருடையது மேலே ஏறிவிடும்.

நம் மலைக்கு வண்டிப் பாதையும் உண்டு, 365 படியும் உண்டு. எப்போதும் காரில் போய் இறங்குகிறவரிடம் கோயிலுக்கு என்ன வசதி வேண்டும் என்று கேட்டால், பார்க்கிங் என்பார். பாதிப் படியில் குடிநீர் வேண்டும் என்று அவருக்குத் தோன்றாது. அவர் கெட்டவர் அல்ல, அந்தப் படியில் ஏறியதில்லை, அவ்வளவுதான். உங்கள் மீட்டிங் அறையில் இருப்பவர்கள் பெரும்பாலும் வண்டிப் பாதைக்காரர்கள்.

அதனால் என் யோசனைகள் மூன்று.

ஒன்று, 'கட்டாயம்' என்று எழுதும் முன் ஒரே கேள்வி கேளுங்கள்: இது இல்லாவிட்டால் யார் வாசலிலேயே நின்றுவிடுவார்? ஒருவருக்கு வசதி குறைந்தால் அதை அடுத்த மாதம் சரிசெய்யலாம். ஒருவர் உள்ளேயே வர முடியாவிட்டால் அது முதல் நாள் வேலை.

இரண்டு, ஒவ்வொரு தேவைக்குப் பக்கத்திலும் அது யாருடைய தேவை என்று எழுதுங்கள். முழுப் பட்டியலையும் ஒருமுறை படித்தால், யார் பெயர் எங்குமே வரவில்லை என்பது தானாகத் தெரிந்துவிடும். வகுப்பில் கை தூக்காத பிள்ளையை நாங்கள் வருகைப் பதிவேட்டைப் பார்த்துத்தான் நினைவுபடுத்திக்கொள்வோம்.

மூன்று, 'இப்போதைக்கு இல்லை' என்று தள்ளியதை அழிக்காதீர்கள். ஏன் தள்ளினோம், யார் முடிவு செய்தார், மறுபடி எப்போது பார்ப்போம் என்று எழுதிவையுங்கள். எழுதாமல் தள்ளிப்போட்டால் அது மறந்துபோகும், கேட்டவருக்குப் பதிலும் கிடைக்காது.

மேனேஜர் கேட்க மாட்டார், கிளையண்ட் ஒப்புக்கொள்ள மாட்டார் என்று சொல்வீர்கள். இருக்கலாம். ஆனால் அந்த அறையில் படியேறி வளர்ந்த பிள்ளை நீங்கள் ஒருவராவது இருக்கிறீர்கள். உங்கள் அம்மாவோ பாட்டியோ இந்த ஆப்பைத் தனியாகத் திறந்தால் எங்கே நின்றுவிடுவார்கள் என்று உங்களுக்குத் தெரியும். அதை வாய்விட்டுச் சொல்லுங்கள், எண் போட்டுப் பட்டியலில் ஏற்றுங்கள்.

உங்கள் வேலையில் இப்படித் தள்ளிப்போன தேவை ஏதாவது இருந்தால் கீழே எழுதுங்கள். அடுத்த முறை ஊருக்கு வரும்போது வீட்டுக்கு வந்து நேரில் சொன்னால் இன்னும் சந்தோஷம். எல்லோரும் நலமாக இருங்கள்.