வங்காலை வழியே வந்தவர்கள்

மதவாச்சியிலிருந்து தலைமன்னார் செல்லும் பெருவீதி, மன்னார்ப் பாலத்தை எட்டுமுன் வங்காலைச் சரணாலயத்தினூடாகச் செல்கிறது. 4,839 ஹெக்டெயர் பரப்புடைய இந்நிலம் 2008இல் சரணாலயமாகவும், 2010இல் இலங்கையின் நான்காவது ராம்சார் ஈரநிலமாகவும் அறிவிக்கப்பட்டது. சேற்றுத் தரையும் உவர்நீர்ப் பரவையும் கண்டலும் அடுத்தடுத்துக் கிடப்பதால், மாரி காலத்தில் வடக்கேயிருந்து வரும் ஊசிவால் வாத்துகளும் பூநாரைகளும் இங்கே ஆயிரக்கணக்கில் இரை தேடுகின்றன. அருகே பண்டைய மாந்தைத் துறைமுகமும், சம்பந்தரும் சுந்தரரும் பாடிய திருக்கேதீச்சரமும் உள்ளன. இவை காக்கப்பட வேண்டியவை என்பதில் எமக்கு இரண்டாம் கருத்தில்லை.

ஆனால் இவ்விடத்தின் வரலாற்றை மாந்தையோடு முடித்துவிடுகிறார்களே, அதுதான் எமது குறை. அட்டனிலும் நுவரெலியாவிலும் இன்று கொழுந்து பறிப்போரின் முன்னோர் 19ஆம் நூற்றாண்டில் தோணிகளில் வந்து மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளைவரை நடந்தனர். வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் வழியில் விழுந்தவர் எத்தனையோ பேர். அவர்களுக்குக் கல்லறையும் இல்லை. 1964ஆம் ஆண்டின் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தின்பின் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டோர், கப்பலேறுவதற்காகப் புகைவண்டியில் கடந்ததும் இதே சேற்றுநிலத்தைத்தான். 2023இல் 200 ஆண்டு நினைவாக மக்கள் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தபோது நாடு சற்றே திரும்பிப் பார்த்தது, அவ்வளவுதான்.

1977, 1983 வன்செயல்களுக்கு அஞ்சித் தோட்டத்தை விட்டு வன்னிக்குப் போய், காடு வெட்டிப் பயிர்செய்து, யுத்தத்தில் அங்கிருந்தும் இடம்பெயர்ந்தவர்கள் எம்மில் உண்டு. அவர்களுக்குச் சரணாலயம் என்ற சொல்லே கலக்கம் தரும். திரும்பிப் போகும்போது காணியில் எல்லைக்கல் நின்றால் யாரிடம் முறையிடுவது? அதே மன்னாரில், 2016இல் இயற்கை ஒதுக்கிடமாக்கப்பட்ட விடத்தல்தீவின் ஒரு பகுதியை நீருயிரின வளர்ப்புக்கு விடுவிக்க 2024இல் வர்த்தமானி வந்தது. அதை எதிர்த்து வழக்கும் எழுந்தது. முதலீட்டாளருக்காக நகரக்கூடிய எல்லை, மாடு மேய்ப்பவருக்காக நகராதா?

எல்லை வரையும்போது அங்கே மேய்த்தவரையும் வலை இழுத்தவரையும் அழைத்துக் கேட்க வேண்டும். அத்துடன், எம் முன்னோர் நடந்த வழி இதுவென்று மும்மொழியிலும் ஒரு பலகை வீதியோரத்தில் வேண்டும். இதற்குப் பெருஞ்செலவு ஆகாது. பலகை வரும்வரை காத்திராமல், மார்கழி விடுமுறையில் மடுவுக்கோ திருக்கேதீச்சரத்துக்கோ பிள்ளைகளை அழைத்துச் செல்லும் மலையகத்தார் வங்காலையில் ஒரு மணிநேரம் பஸ்ஸை நிறுத்தலாம். பறவைகளும் அப்போது வந்திருக்கும்.