புது டோஸ்ட்டருக்கு ஒரு பாக்கெட் பிரெட் செலவழியுங்கள்!

புது மிக்ஸி வந்தால் அன்றைக்கே சட்னி அரைத்துப் பார்த்துவிடுவார்கள். குக்கர் வந்தால் முதல் விசில் கேட்கும்வரை அடுப்படியை விட்டு நகரமாட்டார்கள். டோஸ்ட்டருக்கு மட்டும் அந்த மரியாதை கிடைப்பதில்லை. இரண்டு ஸ்லைஸ் போட்டு, அது டக்கென்று மேலே எழும்பினால் போதும். "நல்லாத்தான் இருக்கு" என்று அட்டைப்பெட்டி பரணுக்குப் போய்விடும். ஒரு பக்கம் வெள்ளை, மறுபக்கம் கருகல் என்று புரிகிற நேரத்தில், மாற்றித் தருவதற்கான கெடு முடிந்திருக்கும். ஆன்லைனில் வாங்கியதென்றால் அந்தக் கெடு பெரும்பாலும் சில நாள்கள்தான்.

ஆகவே, பெட்டியைப் பரணில் ஏற்றும் முன் ஒரு பாக்கெட் பிரெட்டைப் பரீட்சைக்கென்றே ஒதுக்குங்கள்.

முதல் ஓட்டம் பிரெட் இல்லாமல். ஜன்னலைத் திறந்து வைத்து, காலியாக ஒருமுறை ஓடவிடுங்கள். உள்ளே ஒட்டியிருக்கும் தூசும் பூச்சும் எரிவதால் லேசான புகையும் நெடியும் வரும், பயப்பட வேண்டாம். இரண்டு, மூன்று ஓட்டத்துக்குப் பிறகும் பிளாஸ்டிக் உருகுவதுபோல வாடை அடித்தால், திருப்பி அனுப்ப அது ஒன்றே போதும். அப்படி ஓடும்போது சற்றுத் தள்ளி நின்று மேலிருந்து உள்ளே பாருங்கள். தகட்டில் சுற்றியிருக்கும் கம்பிகள் எல்லாம் ஒரே சிவப்பில் ஒளிர வேண்டும். நிக்கலும் குரோமியமும் கலந்த அந்தக் கம்பிக்கு அமெரிக்கரான ஆல்பர்ட் மார்ஷ் 1906-ல் காப்புரிமை பெற்றார். சூட்டில் சீக்கிரம் எரிந்து அறுந்துபோகாத இந்தக் கம்பி வந்த பிறகுதான் மின்சார டோஸ்ட்டர் வீட்டுச் சாமானாகவே மாறியது. ஏதாவது ஒரு பக்கம் மட்டும் கறுப்பாகவே இருந்தால், பிரெட்டின் அந்தப் பக்கம் வேகப்போவதில்லை.

அடுத்தது நிறம். ஒரே பாக்கெட்டிலிருந்து இரண்டு ஸ்லைஸ் எடுங்கள். ஓரத் துண்டு வேண்டாம். டயலை நடுவில் வைத்து, போனில் ஸ்டாப்வாட்சைத் தட்டிவிடுங்கள். பல டோஸ்ட்டர்களில் டயலில் இருக்கும் எண் நிமிடக் கணக்கே அல்ல. வெளியே வந்ததும் இரண்டு ஸ்லைஸின் நான்கு முகங்களையும் வெளிச்சத்தில் வரிசையாக வைத்து ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். விளிம்பில் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம். ஒரு முகம் பால் வெள்ளையும் இன்னொன்று காபிப்பொடி நிறமும் என்றால் கூடாது.

இதோடு நிறுத்திவிடாதீர்கள். வீட்டில் ஐந்து பேர் என்றால் காலையில் நான்கு ஈடாவது போட வேண்டியிருக்கும். இடைவெளியே விடாமல், டயலையும் தொடாமல், அடுத்தடுத்து நான்கு ஈடு போட்டுப் பாருங்கள். மட்டமான டோஸ்ட்டரின் சாயம் இங்கேதான் வெளுக்கும். நேரத்தை மட்டும் எண்ணுகிற எலெக்ட்ரானிக் டைமர் என்றால், ஏற்கெனவே சூடாகிவிட்ட டோஸ்ட்டரில் அதே இரண்டு நிமிடம் பின்னால் வரும் ஈடுகளைக் கருக்கிவிடும். சூட்டில் வளையும் ஈருலோகப் பட்டை உள்ள ரகத்தில் இதற்கு நேர்மாறாகவும் ஆகலாம்: பட்டை ஏற்கெனவே சூடாக இருப்பதால் பிரெட் வேகும் முன்பே துள்ளி வெளியே வந்துவிடும். அமெரிக்காவின் 'கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ்' பத்திரிகை தன் சோதனைக்கூடத்தில் டோஸ்ட்டர்களைத் தரம் பிரிக்கும்போதும் அடுத்தடுத்த ஈடுகள் ஒரே நிறத்தில் வருகின்றனவா என்று பார்க்கிறது. டோஸ்ட்டரின் செயல்திறனை அளக்கவென்றே ஐ.இ.சி. 60442 என்று ஒரு சர்வதேசத் தர விதிமுறையும் இருக்கிறது. பிரெட் வாட்டுவதற்கு இத்தனையா என்று சிரிப்பு வரலாம்!

நம்மூர் பால் பிரெட், ஸ்வீட் பிரெட்டில் சர்க்கரை அதிகம். கோதுமை பிரெட்டைவிடச் சீக்கிரம் சிவக்கும். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்தது தாமதமாகும். பரீட்சையின் நடுவில் பிரெட்டை மாற்றிவிட்டு டோஸ்ட்டரைத் திட்டாதீர்கள்.

டயலைக் குறைந்த எண்ணில் வைத்தும் ஒருமுறை பாருங்கள். பொன்னிறத்தில் நிற்கத் தெரியாத டோஸ்ட்டர் ருசியை மட்டும் கெடுப்பதில்லை. மாவுச்சத்துள்ள உணவு 120 டிகிரி செல்சியஸுக்கு மேல் வறுபடும்போதும் வாட்டப்படும்போதும் அக்ரிலமைடு என்ற பொருள் உருவாகிறது என்பதை 2002-ல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் வெளிப்படுத்தினார்கள். ஆய்வுக்கூட விலங்குகளில் அது புற்றுநோயை உண்டாக்கியது. மனிதர்களிடம் அப்படித் திட்டவட்டமாக நிரூபணமாகவில்லை. இருந்தாலும் பிரிட்டனின் உணவுத் தர அமைப்பு 2017-ல், பிரெட்டைப் பொன்னிறத்தோடு நிறுத்துங்கள் என்று மக்களைக் கேட்டுக்கொண்டது. என்றோ ஒருநாள் கருகியதைத் தின்றுவிட்டதற்காகக் கவலைப்பட வேண்டாம். தினமும் கருக்குகிற டோஸ்ட்டரை வைத்துக்கொண்டு குழந்தைகளுக்குக் கொடுப்பதுதான் வேண்டாம்.

சின்ன ஸ்லைஸ் ஒன்றைப் போட்டு லிவர் அதை எவ்வளவு உயரம் தூக்குகிறது என்றும் பாருங்கள். இதை யாரும் பார்ப்பதில்லை. பார்க்க வேண்டியதே இதைத்தான். துண்டு பள்ளத்திலேயே நின்றுவிட்டால், பள்ளிக்குக் கிளம்பும் அவசரத்தில் பிள்ளைகள் விரலையோ முள்கரண்டியையோ உள்ளே விடுவார்கள். டோஸ்ட்டரின் கம்பிக்கு மேல் உறை எதுவும் கிடையாது. ஓடும்போது அதில் நேரடியாக மின்சாரம் பாய்கிறது. பிரெட் மேலே வந்துவிட்டதே, மின்சாரம் நின்றிருக்குமே என்றும் நம்பிவிட முடியாது. பல மாடல்களில் உள்ளே இருக்கும் ஸ்விட்ச் ஒரு ஒயரை மட்டும்தான் துண்டிக்கும். சுவர் பிளக்கில் ஃபேஸும் நியூட்ரலும் இடம் மாறியிருந்தால் லிவர் மேலே இருக்கும்போதும் கம்பியில் ஷாக் அடிக்கும். சிக்கிய துண்டை எடுக்க ஒரே வழி, பிளக்கைப் பிடுங்கி, ஆறவிட்டு, கவிழ்த்துத் தட்டுவது. உடம்பு உலோகமாக இருந்தால், எர்த் சரியாக உள்ள மூன்று துளை பிளக்கில்தான் மாட்ட வேண்டும். எர்த் பின்னை உடைத்துவிட்டு இரண்டு துளையில் சொருகுவது எல்லாம் விளையாட்டல்ல.

பிளக்கைப் பிடுங்கிய நிலையில் லிவரை அழுத்துங்கள். பெரும்பாலான மாடல்களில் மின்சாரம் இருந்தால்தான் காந்தம் லிவரைக் கீழே பிடித்துவைக்கும். இல்லையென்றால் மேலே வந்துவிடும். பிளக் இல்லாமலேயே லிவர் கீழே சிக்கிக்கொண்டால் சந்தேகப்படுங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போது கேன்சல் பட்டனை இரண்டு, மூன்று தடவை அழுத்தியும் பாருங்கள். ஒவ்வொரு தடவையும் உடனே நிற்க வேண்டும்.

கரன்ட் பில்லைப் பற்றிப் பெரிதாக யோசிக்க வேண்டாம். 800 வாட் டோஸ்ட்டர் தினமும் பத்து நிமிடம் ஓடினால் மாதத்துக்கு 4 யூனிட். நெய் தடவித் தோசைக்கல்லில் வாட்டிய பிரெட்டின் ருசி டோஸ்ட்டரில் வராது என்பது வேறு விஷயம். டோஸ்ட்டர் வாங்குவது ருசிக்காக அல்ல, காலை ஏழரை மணி அவசரத்துக்காக!

ஐ.எஸ்.ஐ. முத்திரை இருந்தால், அதோடு அச்சிட்டிருக்கும் சி.எம்./எல். எண்ணை 'பி.ஐ.எஸ். கேர்' செயலியில் போட்டு, உண்மையானதுதானா என்று பார்த்துக்கொள்ளுங்கள். குறை இருந்தால் பில், எடுத்துவைத்த போட்டோ, பெட்டியோடு கெடுவுக்குள் திருப்பிக் கேளுங்கள். கடைக்காரர் இழுத்தடித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

பரீட்சையில் மிஞ்சிய டோஸ்ட்டுகளைக் கையால் உடைத்து, வெங்காயம், தக்காளி வதக்கிப் பிரெட் உப்புமா செய்துவிடலாம். கருகிய நாலு துண்டை மட்டும் ஒதுக்கிவிடுங்கள்.